முதலில் சாதி ஒழியட்டும் என்று எங்களிடம் சொல்லாதீர்கள்

"முதலில் சாதி ஒழியட்டும் தோழர், மாற்றுத்திறனாளிகள் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

இந்த வாக்கியத்தை நாங்கள் பல இடங்களில், பல வடிவங்களில் கேட்டுவிட்டோம். வாசகர் வட்டத்தில் கேட்டிருக்கிறோம். மாணவர் அமைப்புக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். சிற்றிதழ் ஆசிரியர் குழுவில், தேநீர் இடைவேளையில், மிக அன்பான குரலில் கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் எங்கேயோ கேட்ட குரலாகவே இருக்கிறது. "முதலில் வர்க்கப் போராட்டம் முடியட்டும், சாதி தானாக உதிர்ந்துவிடும்" என்று நம் தாத்தாக்களிடம் சொன்னார்கள். அதற்கும் முன்னால், "முதலில் சுயராஜ்யம் வரட்டும், தீண்டாமையைப் பிறகு பார்ப்போம்" என்றார்கள். காத்திருக்கச் சொல்வது ஆதிக்கத்தின் மிகப் பழைய தந்திரம் என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த இயக்கம்தான். அந்த இயக்கத்துக்குள் நின்றுகொண்டு எங்களைக் காத்திருக்கச் சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். குறிப்பாக, இப்போதுதான் கல்லூரிக்குள் நுழைந்து முதல் கூட்டத்தை நடத்தப்போகிற தம்பி தங்கைகளுக்காக.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் தலித்துகள். மாற்றுத்திறனாளிகள். எழுதுகிறவர்கள். எங்களில் ஒருவருக்குப் பார்வை இல்லை. ஒருவரின் விரல்கள் பேனாவைப் பிடிக்காது. ஒருவர் காது கேளாதவர். இன்னொருவருக்கு மாதத்தில் பத்து நாள் படுக்கையை விட்டு எழ முடியாது. வெளியே இருந்து பார்த்தால் அவருக்கு ஒன்றுமே இல்லை. இந்தக் கட்டுரையை ஒருவர் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் திரைவாசிப்பானில் கேட்டுத் திருத்த, வாட்ஸ்அப்பில் மூன்று வாரம் அலைந்து முடித்திருக்கிறோம். இந்த மூன்று வாரத்தைச் "சோம்பேறித்தனம்" என்று அழைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

ஊனத்துக்குச் சாதி உண்டு

"எங்கள் சங்கத்தில் சாதி பார்ப்பதில்லை, ஊனம் எல்லோருக்கும் பொது" என்று மாற்றுத்திறனாளி அமைப்புகளில் சொல்வார்கள். பொய். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். மொத்த மக்கள்தொகையில் அது 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் மட்டும் எடுத்தால் 2.45 சதவீதம். புள்ளிக்குப் பின்னால் இருக்கிற சின்ன வித்தியாசம் என்று கடந்துவிடாதீர்கள். 20 கோடிப் பேர் கொண்ட ஒரு மக்கள் கூட்டத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் லட்சக்கணக்கான உடல்கள்.

அந்த உடல்கள் எங்கிருந்து வருகின்றன? கல்குவாரியில் தூசி தின்ற நுரையீரலிலிருந்து. செங்கல் சூளையில் பத்து வயதிலேயே வளைந்த முதுகிலிருந்து. மலக்குழிக்குள் இறங்கி உயிரோடு மீண்டவரின் கண்ணிலிருந்து. கர்ப்பிணிக்குக் கிடைக்காத சத்துணவிலிருந்து. சேரிக்குக் கடைசியாக வந்து சேரும் ஆம்புலன்ஸிலிருந்து. வெட்டரிவாளிலிருந்தும்தான். 2016இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் பட்டியலைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமையால் 100 சதவீதம் செயலிழந்தவருக்கு 8,25,000 ரூபாய், 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 4,50,000 ரூபாய் என்று நிவாரணத் தொகை அதில் அச்சாகியிருக்கிறது. சாதி ஊனத்தை உண்டாக்குகிறது என்பதை அரசிதழே ஒப்புக்கொண்டு விலையும் போட்டுவிட்டது. நம் மேடைகள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வெட்டுப்பட்டவரின் படத்தைப் பதாகையில் போடுகிறோம். அவர் கை இழந்து வீடு திரும்பிய பிறகு, தன் கதையை அவரே எழுத என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வந்த ஊனத்தை நிரூபிப்பதிலும் சாதி இருக்கிறது. சான்றிதழுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேருந்து ஊருக்குள் நிற்கும். சேரியிலிருந்து அங்கே வரை வரப்பில் நடக்க வேண்டும். கூட வருகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். மருத்துவர் அன்றைக்கு விடுப்பு என்றால் இன்னொரு நாள் கூலியும் போகும். "ஏன் இவர்கள் யுடிஐடி அட்டை எடுக்கவில்லை" என்று குளிர்சாதன அறையில் கேட்கிறவர்களுக்கு இந்த வரப்பு தெரியாது. நம்முடைய இயக்கத்துக்குத் தெரியும். தெரிந்த இயக்கமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

பேனா பிடித்தவர்தான் எழுத்தாளரா?

எழுத்து விஷயத்துக்கு வருவோம். எழுத்தாளர் என்றால் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? மேசை முன்னால் நள்ளிரவு வரை முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர். கெடு தேதிக்கு முந்தின நாள் கட்டுரையை அனுப்பிவிடுபவர். இரண்டாம் மாடி அரங்குக்கு ஏறி வந்து, மைக் முன்னால் நின்று, நாற்பது நிமிடம் முழங்குபவர். இந்தப் படத்தில் ஓர் உடல் ஒளிந்திருக்கிறது. அந்த உடலுக்குச் சமைத்துப் போட யாரோ ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதும் ஒளிந்திருக்கிறது.

தமிழ் மரபு இந்தப் படத்தை எப்போதோ உடைத்துவிட்டது. இரட்டைப் புலவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடவாது. நடக்க முடியாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமந்தார், தோளில் இருந்தவர் வழி சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. ஒருவர் வெண்பாவைத் தொடங்க, மற்றவர் முடித்தார். தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அப்படி வந்தவைதான். பாதிப் பாட்டுப் பாடியவர் முழுக் கவிஞர் இல்லை என்று எந்தப் பண்டிதரும் அவர்களைத் தள்ளி வைக்கவில்லை. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். பட்டமே அதைச் சொல்கிறது. சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர். இவர்களுக்குப் படித்துக் காட்ட ஆள் இருந்தது. பாடியதை எழுதிக்கொள்ள ஆள் இருந்தது. ஆதரிக்க அரண்மனையும் ஜமீனும் இருந்தன.

அதே நூற்றாண்டுகளில், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த நம் முன்னோரைத் திண்ணைப் பள்ளியின் நிழலில்கூட நிற்க விடவில்லை. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று. வேறுபட்ட உடலுக்கு இடம் செய்து கொடுக்க இந்தச் சமூகத்துக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. யாருடைய உடலுக்கு என்பதைச் சாதி முடிவு செய்தது. எனவே "எப்படிச் செய்வதென்று தெரியவில்லை தோழர்" என்ற சாக்கு எங்களிடம் செல்லாது.

தலித் இலக்கியமும் அந்தப் படத்தை உடைத்திருக்கிறது. வீரம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். புதுச்சேரிப் பகுதியில் கூலி வேலை செய்த பறையர் சமூகப் பெண். தன் வாழ்க்கையைத் தமிழில் அவர் சொல்லச் சொல்ல, ஜோசியான் ரசீன் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். அது 1995இல் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. அந்த நூலின் ஆசிரியர் யார்? வீரம்மாதான் என்று நாம் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்வோம். பேனா பிடிக்காதவர் எழுத்தாளர் ஆகலாம் என்பதை வாய்மொழிக் கதைக்கும் ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் உரிமை கோரிய நம் இயக்கம்தான் நிலைநாட்டியது. அப்படியிருக்க, கை ஒத்துழைக்காத ஒரு தலித் இளைஞர் குரல்பதிவாகக் கவிதை அனுப்பினால், "டைப் பண்ணி அனுப்புங்கள்" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்புவது எந்த நியாயம்?

நின்றுகொண்டே இருக்கும் பாபாசாகேப்

நம் சிலைகளில் பாபாசாகேப் பெரும்பாலும் நிற்கிறார். நீலக் கோட்டு, கையில் சட்டப் புத்தகம், நீட்டிய விரல். அந்தச் சிலைக்கு ஒரு தேவை இருக்கிறது. குனியச் சொல்லப்பட்ட மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் ஓர் உருவம் வேண்டும். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால், கடைசி ஆண்டுகளின் அம்பேத்கரை நாம் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை?

நீரிழிவு அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. கால்களில் நரம்பு வலி. கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கைத்தடியும் இன்னொருவர் தோளும் இல்லாமல் நடப்பது சிரமம் என்ற நிலை. அந்த உடலோடுதான் புத்தரும் அவர் தம்மமும் நூலை எழுதி முடித்தார். கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்தவர் நானக் சந்த் ரத்து. மருந்தையும் உணவையும் ஓய்வையும் கவனித்தவர் மருத்துவரான சவிதா அம்பேத்கர். 1956இல் அந்த நூலுக்கு எழுதிய முன்னுரையில், தன் ஆயுளை நீட்டித்துக் கொடுத்ததற்காக மனைவிக்கும் மருத்துவர் மாள்வங்கருக்கும் அவர் நன்றி சொன்னார். 1957இல், அவர் மறைந்த பிறகு வந்த முதல் பதிப்பில் அந்த முன்னுரை இடம்பெறவில்லை.

தன் எழுத்துக்குப் பின்னால் வேறு கைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டிய அவமானமாக அவர் நினைக்கவில்லை. பெயர் சொல்லி நன்றி எழுதினார். மறைத்தவர்கள் மற்றவர்கள். "யார் துணையும் இல்லாமல் தனியொருவனாக" என்று அவரைப் பற்றி மேடையில் முழங்கும்போது, அவருடைய நன்றியை நாம் இன்னொரு முறை நீக்குகிறோம்.

நாம்தேவ் தசாலையும் நினைவில் வையுங்கள். 1972இல் தலித் பேந்தர்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே ஆண்டு கோல்பிட்டா வந்தது. 1980களின் தொடக்கத்திலேயே தசை வலுவிழக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் அவரைப் பிடித்தது. 2014 ஜனவரியில் மறையும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நோயோடுதான் அவர் வாழ்ந்தார், எழுதினார், அரசியல் செய்தார். சிறுத்தை என்ற சொல்லுக்குள் தளர்ந்த தசைகளுக்கும் இடம் உண்டு.

தகுதி என்ற பழைய தடி

இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? தகுதி கெட்டுவிடும் என்பார்கள். சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாத தலித் மாணவர் கிடையாது.

இப்போது எங்களிடம் சொல்லப்படுவதைக் கேளுங்கள். "கூடுதல் அவகாசம் கொடுத்தால் இதழின் தரம் போய்விடும்." "எல்லோரும் உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிடுவார்கள்." "எல்லோருக்கும் ஒரே கெடு தேதிதான் தோழர், அதுதான் சமத்துவம்." அதே மூன்று வாதங்கள். ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

விகாஷ் குமார் வழக்கை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ரைட்டர்ஸ் கிராம்ப் என்ற நரம்புக் கோளாறு அவருக்கு. குடிமைப் பணித் தேர்வில், தான் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். யூபிஎஸ்சி மறுத்தது. அவருடைய குறைபாடு 40 சதவீத வரம்பை எட்டவில்லை என்பது காரணம். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான வரம்பு. தேர்வை எழுதுவதற்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்து கொடுக்க அது நிபந்தனை ஆகாது என்றது. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்ட்டில், 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் ஒன்றிய அரசு நெறிமுறை வெளியிட்டது. தேர்வறையில் விரல் நடுங்க உட்கார்ந்துவிட்டு, "நமக்குத்தான் வேகம் போதவில்லை" என்று தன்னையே நொந்துகொண்டு வெளியே வரும் நண்பர் உங்கள் வகுப்பில் இருந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள்.

தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற சொல் எங்கே கேட்டது என்று நினைவிருக்கிறதா? 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பில். ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் அந்த உத்தரவுகளை உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றது. உயிரைக் கொடுத்து முறியடித்த ஒரு சந்தேகத்தை, உடம்பு முடியாத சொந்தத் தோழர்மீது எடுத்து வீசலாமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு முக்கியமான காரியம் செய்திருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்ததை எல்லோரும் சொல்வார்கள். பாகுபாடு என்பதற்கு அது கொடுத்த விளக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. நியாயமான ஏற்பாட்டைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது சட்டம். வாசலில் நின்று "உள்ளே வராதே" என்று சொல்வது மட்டும் விலக்கல் இல்லை. படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு "வாருங்கள், வாருங்கள்" என்று அழைப்பதும் விலக்கல். தனிக் குவளைக்கும் தனிச் சுடுகாட்டுக்கும் எதிராகப் போராடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

கடவுளின் குழந்தைகள், தெய்வீக உறுப்புகள்

எங்களை என்னவென்று அழைப்பது என்ற கேள்வியில் தோழர்கள் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள். ஊனமுற்றோர் என்பது தவறு, மாற்றுத்திறனாளி என்பதே சரி என்று திருத்துகிறார்கள். மரியாதையான சொல் வேண்டும்தான். இழிசொல்லின் காயம் எங்களுக்குத் தெரியும். ஆனால் நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கடவுளின் குழந்தைகள் என்று பொருள்படும் ஹரிஜன் என்ற பெயரை நமக்குச் சூட்டினார்கள். கிணற்றைத் திறக்காமல் பெயரை மட்டும் கொடுத்த அந்தத் தயவை நாம் தூக்கி எறிந்தோம். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் மாற்றுத்திறனாளிகளுக்கு திவ்யாங் என்ற பெயரை முன்மொழிந்தார். தெய்வீக உறுப்பு கொண்டவர்களாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரிமை கேட்கிறவரைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டால், அரசும் சமூகமும் கை கழுவிக்கொள்ளலாம். ஹரிஜனை மறுத்த நாம், எங்களைப் பற்றி "தன்னம்பிக்கை நட்சத்திரம்" என்று எழுதும்போது அதே வேலையைத்தான் செய்கிறோம். மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லை. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வைக்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலில் எங்களுக்கு உடம்பு கூசுகிறது.

வெளியே தெரியாத சோர்வு

ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மனநோயும் அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. நம் இயக்கத்தில் இதைப் பற்றிப் பேசத் தயக்கம் உண்டு. தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவர் மரணத்தை விசாரித்த ரூபன்வால் ஆணையம் தனிப்பட்ட காரணங்கள் என்று சொல்லி நிர்வாகத்தை விடுவித்தது. சாதி செய்த கொலையை மனச்சோர்வு என்று பெயர் மாற்றி மூடிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது.

ஆனால் அந்த அச்சத்தால் இன்னொரு தவறு நடக்கிறது. மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே வராத தோழரிடம், "போராட்டத்துக்கு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறோம். மாத்திரை சாப்பிடுகிறவர் அதை ஒளித்துச் சாப்பிடுகிறார். எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறுகிறார். சாதி காரணம் என்பதும் அவருக்குச் சிகிச்சையும் ஓய்வும் வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கல்வீச்சில் மண்டை உடைந்தவரிடம் கல்லை எறிந்தவர் பெயரைக் கேட்போம். அதற்காகத் தையல் போடாமல் விடுவோமா?

அரசுக்கு இது நன்றாகத் தெரியும். யாருடைய உடலுக்கு என்ன தேவை என்று கண்டுபிடித்து, அதை மறுப்பதையே தண்டனையாக்க அதற்குத் தெரியும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமிக்கு பார்கின்சன் நோய். கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாது. 2020 நவம்பரில், 83 வயதில், தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல விசாரணை அமைப்புக்கு 20 நாள் அவகாசம் கொடுத்தார்கள். உள்ளே அவருக்குச் சாப்பிடவும் குளிக்கவும் உதவியவர்கள் சக கைதிகள். 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே மறைந்தார். பேராசிரியர் சாய்பாபா 90 சதவீத ஊனத்தோடு, சக்கர நாற்காலியோடு, நாக்பூர் சிறையில் அடைபட்டிருந்தார். அங்கிருந்தும் கவிதையும் கடிதமும் எழுதினார். 2024 மார்ச்சில் விடுதலையாகி, அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். ஓர் உறிஞ்சுகுழல் எவ்வளவு அரசியலானது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அதைச் "சின்னச் சின்ன வசதி" என்கிறோம்.

பறை வேண்டும், அமைதியும் வேண்டும்

"ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேவை என்றால் எப்படிக் கூட்டம் நடத்துவது?" இது நியாயமான கேள்வி. தேவைகள் சில நேரம் ஒன்றோடொன்று மோதும். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். பறை இல்லாமல் நம் நிகழ்ச்சி இல்லை. இழிவென்று சொல்லப்பட்டதை மீட்டெடுத்த இசை அது. எங்களில் காது கேளாதவர் பறைக்குப் பக்கத்தில் நின்று அதிர்வை நெஞ்சில் வாங்கிக்கொள்வார். அவருக்கும் அது திருவிழா. ஆட்டிச நிலையில் உள்ள ஒரு தோழருக்கோ, அதே ஒலி மூடிய அரங்கில் தாங்க முடியாத வதை.

இதற்குத் தீர்வு பறையை நிறுத்துவதா? இல்லை. அந்தத் தோழரை வீட்டிலேயே இருக்கச் சொல்வதா? அதுவும் இல்லை. பறை எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு நேரம் நடக்கும் என்று அழைப்பிதழில் போடுங்கள். முடிந்தால் வெளியில் வையுங்கள். சத்தமில்லாத ஓர் அறையைத் திறந்து வையுங்கள். இதற்குச் செலவு என்ன? ஒரு வரி அச்சு, ஓர் அறைச் சாவி. மோதும் தேவைகளைப் பேசித் தீர்க்கலாம். பேசுவதற்கு முதலில் அந்தத் தோழர் அறையில் இருக்க வேண்டும்.

கேட்பது இதுதான்

இளம் தோழர்களே, உங்கள் இதழுக்கும் வட்டத்துக்கும் அமைப்புக்கும் எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று. கூட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள். கிடைக்கவில்லை என்றால், மின்தூக்கி உண்டா, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பதை அழைப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். வந்து வாசலில் திரும்பிப் போவதைவிட முன்பே தெரிவது மேல்.

இரண்டு. யூனிகோடில் எழுதுங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய எழுத்துருவில் பக்கம் அமைத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறீர்கள். திரைவாசிப்பானில் அது வெறும் குப்பை எழுத்தாக ஒலிக்கிறது. பாபாசாகேப் மேற்கோளைப் படமாகப் பகிர்ந்தால், அதே வரியைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அச்சு நூல்களை மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. பதிப்பகத் தோழர்கள் திருட்டு பயத்தைக் காட்டி மூலக் கோப்பைப் பூட்டி வைக்க வேண்டாம்.

மூன்று. குரல்பதிவாக வரும் படைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்தாக்குகிறவருக்குக் கூலி கொடுங்கள், பெயரும் போடுங்கள். எழுத்தாக்குகிறவர் எங்கள் சேரித் தமிழைத் திருத்தி "நல்ல தமிழ்" ஆக்கக் கூடாது. அச்சுக்குப் போகுமுன் சொன்னவருக்கு ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும்.

நான்கு. கெடு தேதி வையுங்கள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை முன்கூட்டியே சொல்லுங்கள். யாருக்குக் கூடுதல் நாள் வேண்டும் என்று கேளுங்கள். காரணத்துக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள்.

ஐந்து. சைகை மொழி பெயர்ப்பாளருக்குப் பணம் ஆகும். உண்மைதான். ஃப்ளெக்ஸுக்கும் மைக் செட்டுக்கும் பொன்னாடைக்கும் பணம் ஆகிறது. அவற்றைப் போல இதையும் வரவு செலவில் ஒரு வரியாக முதலிலேயே எழுதுங்கள். பெயர்ப்பாளரை வெளிச்சத்தில், பேச்சாளருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். துணைக்கு வருகிறவரின் பயணச் செலவையும் சேருங்கள். அவர் பெரும்பாலும் ஒரு அம்மாவாகவோ அக்காவாகவோ இருப்பார். அவருக்கும் எழுத ஏதாவது இருக்கலாம். அவரையும் கேளுங்கள்.

ஆறு. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாக் கூட்டமும் இணையத்தில் நடந்தது. அந்த இரண்டு ஆண்டும் நாங்கள் வராத கூட்டமே இல்லை. தொற்று முடிந்ததும் அந்தக் கதவை மூடிவிட்டீர்கள். திறந்து விடுங்கள்.

ஏழு. எங்களைப் பற்றிச் சிறப்பிதழ் போடுவதற்கு முன்னால், எங்களில் ஒருவரை ஆசிரியர் குழுவில் சேருங்கள். டிசம்பர் 3 அன்று மட்டும் எங்களிடம் கட்டுரை கேட்காதீர்கள். நிலம் பற்றி, ஆணவக் கொலை பற்றி, சினிமா பற்றி, காதல் பற்றி எழுத எங்களுக்கும் தெரியும்.

இவை எதுவும் சாதி ஒழிப்பைத் தள்ளிப் போடாது. சாதி என்பது உடல்களைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு. எந்த உடல் தீட்டு, எந்த உடல் சுமக்க, எந்த உடல் படிக்க என்று அது பிரித்தது. உடலைத் தரம் பிரிக்கும் பழக்கத்தை நம் வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு வெளியே அதை எதிர்த்துப் போராட முடியாது. கற்பி என்றார் பாபாசாகேப். யாருக்குப் பாடம் கேட்கவில்லை, யாருக்குப் பலகை தெரியவில்லை என்று பார்க்காமல் எப்படிக் கற்பிப்பது? ஒன்றுசேர் என்றார். படிக்கட்டுக்குக் கீழே சிலரை விட்டுவிட்டு ஒன்றுசேர்ந்தோம் என்று சொல்ல முடியுமா?

ஏப்ரல் 14 வருகிறது. இந்த முறை அழைப்பிதழ் அச்சடிக்கும்போது, தலைமை, வரவேற்புரை, நன்றியுரைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "நீங்கள் கலந்துகொள்ள என்ன ஏற்பாடு தேவை? இந்த எண்ணில் சொல்லுங்கள்." எண்ணைப் போட்டுவிட்டு, அழைப்பு வந்தால் எடுங்கள். பேச முடியாதவர் குறுஞ்செய்தி அனுப்புவார், அதையும் படியுங்கள். நாங்கள் வருவோம்.

ஜெய் பீம்.